சாம்பல் நிறத்தில் வாங்காதே

அரியலூர்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தமிழ்மொழி எழுதுகிறேன். நீயும் அண்ணியும் நன்றாக இருக்கிறீர்களா? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. எனக்கு வலது முட்டிக்குக் கீழே வலிக்க ஒன்றும் இல்லாததால் பாதிக்குப் பாதி சுகம்.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற பெரம்பலூருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் 'வண்டி' என்று ஆரம்பித்ததுமே நீ கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். போட்டால் அண்ணி பொறுக்கி ஒட்டிப் படித்துக் காட்டுவார்கள், அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. இனிமேல் வண்டியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் எழுத்தில்தான். நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். என் வாயால் இதை முழுசாகச் சொல்ல நீ ஒருநாளும் விட்டதில்லை. போன வருஷம் ஏப்ரலில், ரத்தக் குப்பிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டரில் லேபுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி இடப்பக்கம் திரும்பியது. நான் அதற்கு இடப்பக்கம் இருந்தேன். டிரைவர் போலீஸிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "தெரியல சார்." என் வலது கால் போய்விட்டது. அதுவரை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவளை இப்போது கவுண்டரில் உட்காரவைத்து டோக்கன் கிழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்த பணம் பாங்கில் விழுந்துவிட்டது. அம்மா நகை என்கிறாள். நீ டெபாசிட் என்கிறாய். அது என் காலுக்கு வந்த பணம். அது காலாகத்தான் ஆகும்.

வண்டி வாங்கப் போகிறேன். ஏதோ ஒரு வண்டி இல்லை, இத்தாலிக்காரன் வரைந்த ஸ்கூட்டர். வெஸ்பாவா லாம்பிரெட்டாவா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. என்னுடன் கவுண்டரில் இருக்கும் தேவயானி போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறாள். வெஸ்பாவுக்கு உருண்டை முகம், இடுப்பின் இரண்டு பக்கமும் புடைப்பு. லாம்பிரெட்டா நீளம், ஒல்லி, இரும்புத் தகட்டை இஸ்திரி போட்ட மாதிரி.

ஏன் இது என்று கேட்பாய். அழகாக இருக்கிறது, அதனால். செயற்கைக் காலோடு தெருவில் போனால் எப்படியும் எல்லாரும் பார்க்கிறார்கள். வண்டியைப் பார்க்கட்டும்.

பதில் எழுது.

உன் தங்கை
தமிழ்மொழி


பெரம்பலூர்
27.6.2024

தங்கை தமிழுக்கு,

அண்ணன் அரியமுத்து. இங்கு இருவரும் சுகம். நீயும் அம்மாவும் வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

எனக்கு எழுத வராது. சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து எழுது எழுது என்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

வேண்டாம்.

நீ ரோட்டிலிருந்து லாரியைப் பார்த்திருக்கிறாய். நான் லாரியிலிருந்து ரோட்டைப் பார்க்கிறவன். பதினாறு வருஷமாக ஜல்லி லோடு அடிக்கிறேன். மேலே உட்கார்ந்தால் ஸ்கூட்டர் என்பது கண்ணாடியில் ஒரு புள்ளி. அது இத்தாலிப் புள்ளியா வேறு நாட்டுப் புள்ளியா என்று எவனும் பார்க்க மாட்டான். லோடுக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொருவனும் அடுத்த லோடை நினைத்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்.

கவுண்டர் வேலை நல்ல வேலை. ஃபேன் இருக்கிறது. வண்டி இருந்தே ஆக வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடு. பின்னால் கூடுதலாகச் சக்கரம் வைத்த வண்டி தருகிறார்கள். அதையும் தெருவுக்குள்ளேயே ஓட்டு.

எனக்கு வேலை வழக்கம்போல் போகிறது. வேறு விசேஷம் இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அரியமுத்து


அரியலூர்
14.7.2024

அண்ணே,

அம்மாவும் நானும் நலம். அண்ணிக்கு என் வணக்கம். உன்னை உட்காரவைத்து எழுதவைத்ததற்கு இன்னொரு வணக்கம்.

உன் 'வேண்டாம்' கிடைத்தது. தனி வரியில் எழுதியிருந்தாய், நன்றாகத் தெரிந்தது.

கூடுதல் சக்கர வண்டி தேவைப்படுகிறவர்களுக்கு அது அருமையான வண்டி. எங்கள் லேபுக்கு வருகிற ஒரு சார் அதில்தான் ஜெயங்கொண்டம் வரை போய் வருகிறார். எனக்கு முட்டி இருக்கிறது, மடங்குகிறது, ஊன்றினால் நிற்கிறது. இரண்டு சக்கரம் எனக்குப் போதும்.

போன ஞாயிறு தேவயானியைக் கூட்டிக்கொண்டு பாடாலூர் போனேன். மெயின் ரோட்டின் மேலேயே சின்னதுரை என்பவர் தகரக் கொட்டகை போட்டு, பழைய ஸ்கூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார்.

"வாங்க பாப்பா. வண்டி யாருக்கு? வூட்டுக்காரருக்கா?"

"எனக்குதாங்க."

என் நடையைப் பார்த்தார். "சாதா ஸ்கூட்டி ரெண்டு உள்ள கெடக்கு. காட்டவா?"

"லாம்பிரெட்டா இருக்குன்னு போர்டு போட்டிருக்கீங்களே."

"அது ஷோவுக்கு வாங்குறவங்க எடுக்கறதும்மா. வூட்டு முன்னாடி நிறுத்தி வெச்சுப் போட்டோ புடிப்பாங்க."

"நான் நிறுத்தி வெக்க வரல."

அதற்குப் பிறகு அவர் சரியாகத்தான் காட்டினார். இத்தாலி வண்டி மூன்று இருந்தது. ஆகாய நீலத்தில் ஒரு லாம்பிரெட்டா. வெள்ளையில் ஒரு பழைய கியர் வெஸ்பா. பின்னால் தார்ப்பாய்க்குள் மஞ்சள் நிறத்தில் ஏதோ புது வெஸ்பா, கியர் இல்லாதது. அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

பழைய வெஸ்பாவுக்கு எஞ்சின் வலப்பக்கப் புடைப்புக்குள் இருக்கிறது. அதனால் வண்டி கொஞ்சம் வலப்பக்கம் கனக்கும். லாம்பிரெட்டாவுக்கு எஞ்சின் நடுவில், எந்தப் பக்கமும் இழுக்காது. வலப்பக்கம் இழுப்பது எனக்கு ஆகாது அல்லவா? அதோடு கால் வைக்கிற பலகை நல்ல அகலம். செயற்கைக் காலை வைத்துப் பார்த்தேன், ஆடாமல் உட்கார்ந்தது. அண்ணே, அந்த நீலத்தை நீ பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். தேவயானிதான், "ஒங்க அண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்கக்கா" என்றாள். கேட்டுவிட்டேன். இதுதான் அந்த ஒரு வார்த்தை.

தமிழ்மொழி


பெரம்பலூர்
20.7.2024

தமிழுக்கு,

சுகம். சுகமாக இருக்கவும். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே எழுதுகிறேன்.

லாம்பிரெட்டாவுக்குப் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அந்தக் கொட்டகைக்காரன் சொன்னானா? நின்றுகொண்டிருக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது. எவ்வளவு மிதித்தோம் என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். உன்னுடைய அந்தப் பாதத்துக்குத் தெரியாது. கிக்கரும் வலது காலால் உதைக்க வேண்டியது. பிரேக்கைக் கைக்கு மாற்றித் தருகிறேன் என்பான், கேட்காதே. இடது கைக்கு ஏற்கெனவே க்ளட்சும் கியரும். வெள்ளை வெஸ்பாவுக்கும் இதே கதைதான்.

கியர் இல்லாத வெஸ்பாவுக்கு இரண்டு பிரேக்கும் கையில். பட்டனில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சீட் உயரம். நிற்கும்போது இடது கால் முழுசாக ஊன்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கச் சொல்லி எழுதவில்லை. நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதை வாங்கினாலும் சாம்பல் நிறத்தில் வாங்காதே. கேபினிலிருந்து பார்த்தால் ரோடும் அதுவும் ஒன்றாக இருக்கும்.

அரியமுத்து


அரியலூர்
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு ஆடி மாதக் கூழ் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வயிறு சரியில்லை, இப்போது தேவலை. நான் முழங்கையில் பிளாஸ்திரியோடு சௌக்கியம். காரணம் கீழே வருகிறது.

நீ சொன்னது சரி. அந்த பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பூவை மிதித்த மாதிரியும் இருந்தது, பாறையை மிதித்த மாதிரியும் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. லாம்பிரெட்டாவுக்காக ஒருநாள் அழுதேன். முடிந்தது.

அப்புறம் திருச்சி போய் ஷோரூமில் புது வெஸ்பாவைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. வெள்ளையும் சாம்பலும்தான் உடனே கிடைக்கும், மஞ்சள் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருப்பது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் பாடாலூரில் இறங்கித் தார்ப்பாயை எடுக்கச் சொன்னேன்.

நாலு வருஷம் ஓடிய வண்டி. முட்டையின் மஞ்சள் கரு நிறம். இரும்பு உடம்பு, தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வராது. இடது கால் நுனிவிரலில் மட்டும் நிற்கவில்லை, பாதிப் பாதம் ஊன்றுகிறது. ஓட்டிப் பார்த்தேன். கொட்டகையைச் சுற்றி வந்தபோது காற்று முகத்தில் அடித்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக என் முகத்தில் ஃபேன் காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது, அண்ணே.

நிறுத்தும்போது விழுந்தேன். தரை வலப்பக்கம் சரிவு, நான் கவனிக்கவில்லை. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது, செயற்கைக் கால் ஜல்லியில் வழுக்கியது, வண்டியும் நானும் கீழே.

சின்னதுரை ஓடி வந்தார். "ஐயோ பாப்பா, அப்பவே நெனச்சேன்!"

"வண்டியத் தூக்குங்க, பெட்ரோல் ஒழுகுது."

"வண்டி கெடக்குது, நீ மொதல்ல..."

"நான் எந்திரிச்சுக்குவேன். எனக்கு அது பழக்கம்."

எழுந்து மறுபடியும் ஏறினேன். நிற்கும் இடத்தைப் பார்த்து, இடப்பக்கம் கொஞ்சம் இடுப்பைத் தள்ளி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். வண்டியின் வலது புடைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு யாரும் பெயிண்ட் அடித்துத் தரவில்லை.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். 25ஆம் தேதி ஞாயிறு வண்டியை எடுக்கிறேன். பெரம்பலூரிலிருந்து பாடாலூர் உனக்குக் கூப்பிடு தூரம். வா. சண்டை போடுவதற்காவது வா.

தமிழ்மொழி


அரியலூர்
20.10.2024

அண்ணனுக்கு,

அம்மா சுகம். அண்ணி சுகமா?

நீ வரவில்லை. எழுதவும் இல்லை. கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். சின்னதுரை இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு அவரே மினிலாரியில் ஏற்றி அரியலூரில் இறக்கிவிட்டார்.

அம்மா வாசலில் நின்றுகொண்டு, "அந்தச் சனியன் இந்த வாசல்ல நிக்கக் கூடாது" என்றாள்.

"நிக்காதும்மா. ஓடும்" என்றேன்.

சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பார்த்தால், சீட்டின் மேல் அவளுடைய பழைய சேலை போர்த்தியிருந்தது. கேட்டதற்கு, "நாய் ஏறிப் படுக்குது" என்றாள். எங்கள் தெருவில் எந்த நாய் ஸ்கூட்டரில் ஏறிப் படுக்கிறது?

காலை இழந்தவள் என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடியும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நல்லவர். சுற்றி வளைக்காமல், "அந்தக் கால்ல ஊனி நின்னு காட்டும்மா" என்றார். நின்றேன். "எட்டுப் போடு." போட்டேன். முடிந்த பிறகு இன்னொரு எட்டும் போட்டேன். "ஒண்ணு போதும்மா" என்றார். "இது எனக்கு சார்" என்றேன். சிரித்துவிட்டார். லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது.

அதை உன்னிடம் காட்டத்தான் போன புதன்கிழமை பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை, நேரே நீ வேலை பார்க்கிற கல் உடைக்கும் கிரஷருக்கு வந்தேன். உன் லாரி எடைமேடையில் ஏறி நின்றது. ஸ்டியரிங்கில் வேறு எவனோ இருந்தான். பக்கத்து அறை ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு டோக்கன் கொடுத்தது. அது உன் கை.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அய்யாக்கண்ணுவைக் கேட்டேன். "முத்தண்ணனா? அவரு வண்டி எடுக்கறதில்லீங்களே. மாசி மாசத்துலேர்ந்து உள்ளதான் உக்காந்திருக்காரு" என்றார்.

உன்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். 'வேலை வழக்கம்போல் போகிறது' என்று எழுதினாயே. கண்ணாடியில் புள்ளி என்றெல்லாம் எழுதினாயே. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லாதே. எழுது.

தமிழ்மொழி


பெரம்பலூர்
3.11.2024

அன்புத் தமிழுக்கு,

தீபாவளிக்குச் சுகன்யா உனக்கும் அம்மாவுக்கும் எடுத்த சேலை இன்னும் இங்கேதான் இருக்கிறது. அவள் சுகம். என்னைத்தான் நீயே பார்த்துவிட்டாய்.

மாசியில் நாலு ரோட்டில் திரும்பினேன். ஜல்லி ஃபுல் லோடு. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பினேன். எங்கிருந்தோ ஒரு ஸ்கூட்டர் முன்னால் வந்தது, சாம்பல் நிறம், ஒரு பொண்ணு. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வண்டியை ஆஃப் பண்ணினேன். மறுபடியும் ஸ்டார்ட் பண்ணச் சாவியைத் தொட முடியவில்லை. பின்னால் பஸ்காரன், கார்காரன் எல்லாம் ஹாரன். போலீஸ்காரர் ஏறி வந்து, "குடிச்சிருக்கியாய்யா?" என்றார். ஊதச் சொன்னார். ஊதினேன். கிரஷரிலிருந்து வேறு ஆள் வந்துதான் வண்டியை எடுத்தான். அன்றிலிருந்து டோக்கன் அறை. ஓனர் நல்ல மனுஷன், போ என்று சொல்லவில்லை. சுகன்யாவை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அவளைக் கோபிக்காதே.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி பாடாலூர் வரை வந்தேன். பஸ்ஸிலிருந்து உன்னைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் மஞ்சள் வண்டி. இறங்கவில்லை. திருச்சி வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ கவுண்டரில் இருக்கும்வரை எனக்கு ஒரு சாக்கு இருந்தது. என் தங்கைக்கு இப்படி ஆகிவிட்டது, அதனால் ஓட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்கிறவர்களும் பாவம் என்பார்கள். நீயே ஏறி ஓட்டிவிட்டால், இரண்டு காலும் இருக்கிற நான் என்ன சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

அம்மாவிடம் சொல்லாதே.

அரியமுத்து


அரியலூர்
10.11.2024

அண்ணே,

அம்மாவிடம் சொல்லவில்லை. சேலைக்கு அண்ணியிடம் நன்றி சொல். எனக்கு மஞ்சளாக எடுத்திருந்தால் இரண்டு நன்றி.

உன் கடிதத்தை லேபிலேயே படித்தேன். நீயும் டோக்கன் கிழிக்கிறாய், நானும் டோக்கன் கிழிக்கிறேன். நம் அம்மா ஆண்டாயி பெற்ற இரண்டும் இதற்குத்தானா?

உன் பயம் உன்னுடையது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டுவந்து என் வண்டியில் ஏற்றாதே. நான் தனியாக ஓட்டவே கஷ்டப்படுகிறேன், பின்னால் அது வேறு உட்கார முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிரஷர் லீவு என்று அய்யாக்கண்ணு சொன்னார். 24ஆம் தேதி வருகிறேன். பஸ்ஸில் இல்லை. ஓனரிடம் கேட்டு லாரிச் சாவியை வாங்கி வை. ரோட்டுக்கு எடுக்கச் சொல்லவில்லை. எடுத்துக் கையில் வைத்துக்கொள், போதும்.

தமிழ்மொழி


அரியலூர்
26.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கட்டுப் பிரித்துவிட்டார்களா? நீங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் போனில், "வந்தா, போனா" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

அரியலூரிலிருந்து வண்டியிலேயே போனேன். ஞாயிறு என்பதால் லாரி குறைவு. வழியில் இரண்டு முறை நிறுத்திக் காலைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வேர்வைக்கு வழுக்குகிறது. டீக்கடையில் ஒருத்தர் என் காலைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார், பிறகு "என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார்.

கிரஷர் காலியாக இருந்தது. அண்ணன் டிப்பர் லாரிக்குப் பக்கத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் வண்டியைப் பார்த்து முதலில் சொன்னது, "டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"மேல ஏறு" என்றேன்.

"எதுக்கு?"

"நீ மேல உக்காரு. நான் கீழ சுத்துறேன். நான் எங்க தெரியுறேன், எங்க தெரியலன்னு சொல்லு."

ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியது. நான் லாரியைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். வலப்பக்கம், "தெரியுது." பின்னால் தள்ளி, "தெரியுது." இடப்பக்கம் பின் சக்கரத்துக்கு நேராக, கண்ணாடியில் "தெரியுது." இன்னும் முன்னால் வந்தேன். இடது கதவுக்குப் பக்கத்தில். அங்கேயே நிறுத்தினேன்.

"அண்ணே?"

"தெரியல."

"இப்ப?" ஒரு அடி முன்னால் போனேன்.

"தெரியல."

மூக்குக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நின்றேன். "தெரியல தமிழு. எங்க இருக்க?"

இறங்கி வந்து நான் நின்ற இடத்தில் நின்றது. "நீ இங்க நிக்கற. எனக்கு வெறுந்தரைதான் தெரியுது. பதினாறு வருசமா இந்த வெறுந்தரையப் பாத்துத்தான் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன்." அங்கே குவிந்து கிடந்த கல்மாவை அள்ளி, தெரியாத இடம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோடு போட்டோம். அண்ணி, ஒரு மாட்டுவண்டியை நிறுத்தலாம், அவ்வளவு பெரிய இடம்.

பிறகு நான் ஏறினேன். அண்ணன் தூக்கிவிட வந்தது, வேண்டாம் என்றேன். கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, கையால் இழுத்து ஏறிவிட்டேன். "நீ என் வண்டிய எடு" என்றேன். அண்ணன் வெஸ்பாவில் உட்கார்ந்த அழகை நீங்கள் பார்க்க வேண்டும், முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். கோட்டுக்குள் வந்ததும் காணாமல் போய்விட்டது. அவ்வளவு மஞ்சள் வண்டி, அவ்வளவு பெரிய ஆள், இல்லவே இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது.

என்னை இடித்த டிரைவர் சொன்னது பொய் இல்லை போலிருக்கிறது. அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது. ஆனால் தனக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நின்று பார்க்காமல் திருப்பினான். அதை நான் மன்னிக்கவில்லை, அண்ணி. மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

கிளம்பும்போது அண்ணன் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தது. அரியலூர் வரை பைக்கில் பின்னால் வருகிறேன் என்றது. வந்தால் நான் இங்கேயே உட்கார்ந்துகொள்வேன் என்றேன். வரவில்லை.

உங்கள் அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
தமிழ்மொழி


பெரம்பலூர்
15.12.2024

தமிழுக்கு,

சுகன்யா ஊரிலிருந்து வந்துவிட்டாள், முந்திரிப் பருப்பு கொண்டுவந்திருக்கிறாள். உனக்கு ஒரு பங்கு இருக்கிறது. மழை பெய்கிறது, ஈர ரோட்டில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்காதே.

இடப்பக்கம் கீழே பார்க்கிற மாதிரி ஒரு உருண்டைக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். ஓனர், "இவ்வளவு நாள் இது இல்லாமலா ஓடிச்சு?" என்றார். ஆமாம், இல்லாமல்தான் ஓடியது என்றேன்.

குவாரிக்குள் ஓட்டுகிறேன். ரோட்டுக்கு இன்னும் போகவில்லை. எப்போது போவாய் என்று கேட்காதே. பசங்கள் டோக்கன் அண்ணன் என்று கிண்டல் பண்ணுகிறார்கள். திரும்புமுன் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறேன், அதற்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் இறங்கித்தான் பார்ப்பேன்.

அரியமுத்து


அரியலூர்
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவளுக்கு உடம்பு தேவலை. எப்போது ரோட்டுக்குப் போவாய் என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா?

எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. லேப் ஓனர் ஜெயசித்ரா மேடத்தைப் பார்த்து, என்னை மறுபடியும் வெளியே அனுப்புங்கள் என்று கேட்டேன்.

"ஏம்மா, கவுண்டர் வேலை கஷ்டமா இருக்கா?"

"இல்ல மேடம். ஈஸியா இருக்கு. அதான் புடிக்கல."

"மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் பேரு கெடும்."

"மேடம், கால் என்னுது. பயப்படணும்னா நான்தான் பயப்படணும்."

ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் என்றார். பத்து நாள் பக்கத்துத் தெருக்களுக்குப் போனேன். ஊசி குத்தும்போது அழுகிற குழந்தைகள், "அக்கா, அந்த மஞ்ச வண்டியில ஒரு ரவுண்டு" என்கிறார்கள். வியாழக்கிழமை சிமெண்ட் ஆலைக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது, எழுந்திருக்க முடியாத ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். போக வேண்டிய பையன் லீவு. தேவயானி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை எடுத்தேன். மேடம் கதவருகே நின்றிருந்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அது லாரி ரோடு என்று உனக்குத் தெரியும். நடுவில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன, எண்ணிப் பார்க்கவில்லை, கேட்டிலிருந்து வளைவு வரை இருந்தது. முன்பு என்றால் இடப்பக்கச் சந்தில் நுழைந்து நுழைந்து போவேன். இப்போது வலப்பக்கமாகப் போனேன், டிரைவர்கள் உட்காரும் பக்கம். ஒவ்வொரு கதவாகத் தாண்டினேன். ஒருத்தன் தலையை நீட்டி, "ஏய், பின்னாடி நில்லும்மா!" என்றான். நிற்கவில்லை. பயமாகத்தான் இருந்தது, அண்ணே. உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொள்ளாதே.

முதல் லாரிக்கு முன்னால் போய், அதன் மூக்குக்கு அடியில் நிற்காமல், நன்றாகத் தள்ளி நிறுத்தினேன். திரும்பி மேலே பார்த்தேன். டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கினேன். பார்க்கவில்லை. ஹாரன் அடித்தேன். வெஸ்பாவுக்குச் சின்ன ஹாரன்தான், ஆனால் விடாமல் அடித்தேன். அவன் தலையைத் தூக்கினான். வண்டியைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கடைசியில் முகத்தைப் பார்த்தான். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவனும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தூக்கினான்.

ரயில் போனது. பின்னால் அத்தனை லாரியும் ஹாரன் அடித்தன. கேட்டைத் தூக்கினார்கள்.

முதலில் நான் போனேன்.

தமிழ்மொழி